ஒட்டுண்ணியின் எண்ணிக்கை சொல்லாத கணக்கு

மேற்குக் கென்யாவில் விக்டோரியா ஏரியை ஒட்டிக் கிடக்கும் சியாயா பகுதியில் மலேரியாவுக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. மழை கூடினால் கொசு கூடும், குறைந்தால் குறையும். கொசுவே இல்லாத மாதம் என்று எதுவும் இல்லை. லுவோ மக்கள் வாழும் இந்த ஊர்ப்புறத்தில் கடும் மலேரியாவோடு அரசு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளில் வலிப்பும் ஆழ்மயக்கமும் கண்டவர்கள் குறைவு. பெரும்பாலோர் வெளிறிப்போய் வருகிறார்கள். ஒரு வயது, ஒன்றரை வயது; தாயின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அழவும் தெம்பில்லாமல். செவிலியர் முதலில் பார்ப்பது உள்ளங்கையை. விரல்களைப் பின்னால் வளைத்து இழுத்தால் நல்ல ரத்தம் உள்ள கையும் வெளிறித் தெரியும். அதனால் கையை அதன் போக்கிலேயே விரித்துப் பிடித்து, தன் உள்ளங்கையை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார். பிறகு விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 11 கிராமாவது ஹீமோகுளோபின் இருக்க வேண்டிய வயதில் கருவி நான்கைக் காட்டுகிறது, சில நேரம் மூன்றை.

ஹீமோகுளோபின் 5 கிராமுக்குக் கீழே இறங்கி, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 10,000க்கு மேல் ஒட்டுண்ணிகளும் இருந்தால் அதைக் கடும் மலேரியா ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. சியாயாவில் நீண்டகாலம் ஆய்வு செய்துவரும் கென்ய, அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த ஊர்க் குழந்தைகளின் வழக்கமான அளவுகளைக் கணக்கில் கொண்டு 6 கிராமையே எல்லையாக வைத்துக்கொண்டார்கள். எல்லை எதுவாக இருந்தாலும் அந்த வரையறைக்குள் ஒரு புதிர் உட்கார்ந்திருக்கிறது.

ஆரோக்கியமான குழந்தையின் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 45 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கும். அதில் 10,000 ஒட்டுண்ணி என்றால் 450 அணுக்களுக்கு ஒன்றில்தான் கிருமி குடியிருக்கிறது. பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற இந்த ஒட்டுண்ணி, தான் குடியேறிய அணுவை இரண்டு நாளில் வெடிக்கச் செய்து வெளியேறும். அந்த இழப்பு மட்டும்தான் என்றால் உடல் சமாளித்துவிடும். ஆனால் இங்கே பாதி ரத்தத்துக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. போதாக்குறைக்கு, ரத்தத்தில் தெரியும் ஒட்டுண்ணியின் அடர்த்தியும் ரத்தசோகையின் கடுமையும் கைகோத்து நடப்பதில்லை. ஏராளமான கிருமிகளோடு ஓடியாடும் குழந்தை உண்டு. தேடிப்பிடிக்க வேண்டிய அளவுக்கே கிருமி இருந்தும் ரத்தம் ஏற்றினால்தான் பிழைக்கும் என்ற நிலையில் வரும் குழந்தையும் உண்டு. கிருமியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு எந்நாளும் நேராகாது. மீதிக் காரணம் குழந்தையின் உடலுக்குள் இருக்கிறது: அதன் சிவப்பணுவின் கட்டமைப்பில், அதன் மண்ணீரலில், எலும்பு மஜ்ஜையில், அது பெற்றோரிடமிருந்து வாங்கிவந்த மரபணுவில்.

இது சின்ன விஷயமில்லை. 2023இல் உலகெங்கும் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, ஏறத்தாழ 5,97,000 பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மரணங்களில் நூற்றுக்கு 95 ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

முதலில், கிருமியே தொடாத அணுக்கள் எங்கே போகின்றன? இதற்குக் கிடைத்த மிகத் தெளிவான எண் ஒரு சங்கடமான இடத்திலிருந்து வருகிறது. பென்சிலின் வருவதற்கு முன்பு, மூளையைத் தாக்கிய சிபிலிஸ் நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றி, அந்தக் காய்ச்சலால் சிபிலிஸ் கிருமியை மட்டுப்படுத்தும் சிகிச்சை இருந்தது. அதற்காக வாக்னர்-யாவ்ரெக் 1927இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த நோயாளிகளின் ரத்தத்தை நாள்தோறும் அளந்து எழுதிய பழைய ஏடுகளைப் பல பத்தாண்டுகளுக்குப் பின் கணித முறையில் ஆராய்ந்தபோது, கிருமி புகுந்த ஒரு சிவப்பணு அழியும்போது கிருமி புகாத அணுக்கள் சராசரியாக எட்டரை சேர்ந்தே அழிகின்றன என்று தெரிந்தது. இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காத ஒரு சிகிச்சையின் மிச்சம், இன்றைய குழந்தைகளின் நோயைப் புரிந்துகொள்ள உதவுகிறது. மலேரியா ஆராய்ச்சியில் இப்படிப்பட்ட கடன்கள் பல. இன்னொன்று பின்னால் வரும்.

நல்ல அணுக்களை அழிப்பது பெரும்பாலும் உடலின் காவல் ஏற்பாடுதான். தொற்றின்போது மண்ணீரல் வீங்கி, சற்றே விறைத்துப்போன அணுவையும் வடிகட்டி விழுங்கிவிடுகிறது. கிருமியின் துண்டுகளும் அவற்றைப் பிடித்த எதிர்ப்பொருள்களும் சேர்ந்த கொத்துகள் நல்ல அணுவின் மேலும் ஒட்டிக்கொள்கின்றன. சிவப்பணுவின் மேற்பரப்பில் சிஆர்1, சிடி55 என்று இரண்டு புரதங்கள் உண்டு. ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்ற தாக்குதல் அமைப்பு நம் சொந்த அணுவின் மேல் பாயாமல் தடுப்பவை இவை. கடும் ரத்தசோகை கண்ட குழந்தைகளின் சிவப்பணுக்களில் இவை குறைந்தும், ரத்தத்தில் எதிர்ப்பொருள் கொத்துகள் கூடியும் இருப்பதை மேற்குக் கென்யாவில் ஹோசே ஸ்டௌட்டும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் காட்டினார்கள். கவசம் இழந்த அணு, தன்னைக் காக்க வேண்டிய படைக்கே இலக்காகிவிடுகிறது.

அழிவு இப்படியென்றால் ஆக்கம் எப்படி? எனக்கு இந்த நோயின் மையம் இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. ரத்தம் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து எலும்பு மஜ்ஜையை முடுக்கும். சில நாளில் இளம் சிவப்பணுக்கள் ரத்தத்தில் பெருகும். விபத்தில் ரத்தம் இழந்தவருக்கு நடப்பது அதுதான். மலேரியா ரத்தசோகைக் குழந்தைக்கு ஹார்மோன் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். ஆனால் இளம் அணுக்கள் அதற்கேற்ப வந்திருக்காது.

காம்பியாவில் இத்தகைய குழந்தைகளின் மஜ்ஜையை நேரடியாகப் பார்த்தவர்கள் 1980இல் எழுதிய கட்டுரை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. அதை எழுதிய குழுவில் சாட் அப்தல்லா, டேவிட் வெதரால் ஆகியோருடன் சுனிதா விக்ரமசிங்கேயும் இருந்தார். இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய ரத்தவியலாளர். விண்வெளி அறிஞர் சந்திரா விக்ரமசிங்கேயின் சகோதரர். நுண்ணோக்கியின் கீழ் அவர்கள் கண்டது வெறுமையான மஜ்ஜையை அல்ல. சிவப்பணுவாக வேண்டிய தாயணுக்கள் போதுமான அளவு இருந்தன, ஆனால் கோணல்மாணலாக இருந்தன. ஒரே அணுவுக்குள் இரண்டு மூன்று உட்கருக்கள்; சிலவற்றில் உட்கரு துண்டு துண்டாக நொறுங்கியிருந்தது; பிரிந்திருக்க வேண்டிய இரண்டு அணுக்களுக்கு இடையே அறுபடாத மெல்லிய இழை. உற்பத்தி நடக்கிறது, சரக்கு வெளியே வரவில்லை. அதிலும் கடுமையான மாற்றங்கள் தென்பட்டது திடீர்க் காய்ச்சலோடு வந்த குழந்தைகளிடம் அல்ல, கொஞ்சமாகக் கிருமியைச் சுமந்தபடி வாரக்கணக்கில் ரத்தம் வற்றிக்கொண்டே வந்தவர்களிடம்.

மஜ்ஜையைக் கெடுப்பது எது? சந்தேகம் முதலில் ஒரு பழுப்புப் பொடியின் மேல் விழுகிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்று வாழ்கிறது. அதிலிருந்து பிரியும் ஹீம் அதற்கே நஞ்சு. ஆகவே அதைக் கரையாத படிகமாக்கி ஒதுக்கி வைக்கிறது. இதுதான் ஹீமோசோயின், மலேரியா நிறமி. அணு வெடிக்கும்போது படிகங்கள் சிதறி, அவற்றை மோனோசைட் என்னும் வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. விழுங்க முடிகிறதே தவிரச் செரிக்க முடிவதில்லை. ஒட்டுண்ணி மருந்தில் அழிந்த பிறகும் நிறமி சுமந்த வெள்ளணுக்கள் ரத்தத்திலும் மஜ்ஜையிலும் பல நாள் தங்கிவிடுகின்றன. ரத்தப் பூச்சைப் பார்க்கும் ஆய்வகப் பணியாளர் கிருமியை எண்ணுவதோடு, வெள்ளணுக்களில் எத்தனை கறைபட்டவை என்றும் எண்ணினால் ரத்தசோகையின் கடுமை இன்னும் நன்றாகத் தெரிகிறது. கிருமி எண்ணிக்கை அந்த ஒரு நாளின் நிலவரம். நிறமியோ கடந்த சில வாரங்களின் பேரேடு. கென்யக் கடற்கரையில் கிலிஃபி குழந்தைகளிடம் காசல்ஸ்-பாஸ்குவல் குழு 2006இல் காட்டியபடி, நிறமி கூடக்கூட இளம் சிவப்பணுக்கள் குறைகின்றன. ஆய்வகத்தில் வளர்த்த தாயணுக்களின் மேல் ஹீமோசோயினை இட்டாலே அவற்றின் வளர்ச்சி தடைபடுகிறது.

நிறமியை விழுங்கிய வெள்ளணு சும்மா இருப்பதில்லை. சைட்டோகைன் எனப்படும் தூதுப் புரதங்களைச் சமநிலை தப்பி வெளியிடுகிறது. அவற்றில் டிஎன்எஃப் அழற்சியைத் தூண்டுவது. தொடக்கத்தில் கிருமியை அடக்க வேண்டும்தான், நீண்டு போனால் மஜ்ஜையை முடக்கும். இன்டர்லூக்கின்-10 அதை அடக்குவது. கானாவில் 1998இலும் மேற்குக் கென்யாவில் 1999இலும் வெளிவந்த ஆய்வுகள் ஒரே செய்தியைச் சொல்லின: கடும் ரத்தசோகைக் குழந்தைகளிடம் டிஎன்எஃப்புக்கு ஈடான இன்டர்லூக்கின்-10 இல்லை. எந்தப் புரதமும் தனியாகக் குற்றவாளி இல்லை. இரண்டுக்கும் இடையிலான விகிதம்தான் பிசகியிருந்தது.

இவ்வளவும் நன்றாகவே பொருந்துகிறது. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், எலியிடமிருந்து குழந்தைக்கு வரும்போது. எம்ஐஎஃப் என்றொரு அழற்சிப் புரதம் உண்டு. அது இல்லாதபடி மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு மலேரியா தொற்றியபோது ரத்தசோகை லேசாகவே வந்தது, மஜ்ஜையும் நன்றாக வேலை செய்தது. எனவே எம்ஐஎஃப்தான் மஜ்ஜையை முடக்குகிறது என்பது 2006இல் வந்த முடிவு. ஏறக்குறைய அதே காலத்தில் சியாயாக் குழந்தைகளின் ரத்தத்தை அளந்த கோர்டன் அவந்தாரேயும் டக்ளஸ் பெர்கின்சும் கண்டதோ தலைகீழ்: ரத்தசோகை முற்றமுற்ற ரத்தத்தில் எம்ஐஎஃப் குறைந்துகொண்டே வந்தது. நிறமியை விழுங்கிய வெள்ளணுக்களால் அதைச் சுரக்க முடியவில்லை என்று அவர்கள் விளக்கினார்கள். எலிக்குத் தொற்று ஒரு முறை, சில நாளில் முடிந்துவிடும். சியாயாக் குழந்தைக்கு முந்தைய தொற்று தீருமுன் அடுத்தது வந்துவிடும். ஒரே புரதம் தொற்றின் முதல் வாரத்தில் ஒரு வேடமும் மூன்றாம் மாதத்தில் வேறு வேடமும் போடலாம். எலி ஆய்வை இழித்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அதன் முடிவை அப்படியே வார்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

தூதுப் புரதங்களின் அளவு குழந்தைக்குக் குழந்தை வேறுபடுகிறது என்றால், அந்த வேறுபாடு மரபணுவிலேயே எழுதப்பட்டிருக்கிறதா? 1990களில் இந்தக் கேள்வி ஒரு வேட்டையைத் தொடங்கிவைத்தது. காம்பியாவில் மெக்வயரும் டொமினிக் குவியட்கோவ்ஸ்கியும் டிஎன்எஃப் மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஒரு குறிப்பிட்ட எழுத்து மாற்றத்தை இரட்டையாகப் பெற்ற குழந்தைகளுக்கு மூளை மலேரியாவில் மரணமோ நரம்புப் பாதிப்போ வரும் வாய்ப்பு ஏழு மடங்கு என்று 1994இல் அறிவித்தார்கள். 1999இல், அதே மரபணுவின் இன்னோர் இடத்து மாற்றம் கடும் ரத்தசோகையோடு தொடர்புடையது என்றார்கள். ஒரே மரபணுவில் ஓர் எழுத்து மூளைக்கும் மற்றோர் எழுத்து மஜ்ஜைக்கும் என்பது கேட்க அத்தனை அழகாக இருந்தது. நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் மரபணுவின் ஒரு மாற்றம் தான்சானியாவிலும் கென்யாவிலும் குழந்தைகளைக் காப்பதாக 2002இல் வந்தது. இன்டர்லூக்கின்கள், கீமோகைன்கள் என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றும் சில நூறு குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு.

2014இல் மலேரியாஜென் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு இந்தப் பட்டியலைத் தூசி தட்டியது. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா எங்கும் 12 இடங்களில் கடும் மலேரியா வந்த 11,890 பேரையும் வராத 17,441 பேரையும் ஒப்பிட்டு, அதுவரை பேசப்பட்ட 27 மரபணுப் பகுதிகளைச் சோதித்தது. வலுவான சான்றோடு நின்றவை ஐந்தே. ஹீமோகுளோபின் பீட்டா மரபணு, ஏபிஓ ரத்த வகை மரபணு, ஜி6பிடி, ஏடிபி2பி4, சிடி40எல்ஜி. கடைசி ஒன்றுதான் எதிர்ப்பாற்றல் பக்கத்தது. அதன் விளைவும் இடத்துக்கு இடம் மாறியது. டிஎன்எஃப்பின் புகழ்பெற்ற எழுத்து மாற்றங்கள் தேறவில்லை. மற்ற நான்கும் சிவப்பணுவின் சொந்தச் சொத்துகள்.

எதிர்ப்பாற்றல் மரபணுக்களைத் தேடியவர்கள் ஒரு நியாயமான மறுப்பைச் சொல்வதுண்டு. கடும் மலேரியா என்ற ஒரே மூட்டையில் மூளை மலேரியாவையும் ரத்தசோகையையும் சேர்த்துக் கட்டினால், ஒன்றுக்கு நன்மையும் மற்றதற்குத் தீமையும் செய்யும் மரபணு இரண்டும் அடிபட்டுப் பூஜ்யமாகத் தெரியும். ரத்தசோகை மட்டுமே பெரிதாக வரும் சியாயா போன்ற இடத்தில் ஆண்டுக்கணக்கில் குழந்தைகளைப் பின்தொடர்ந்தால்தான் நுட்பமான விளைவுகள் தெரியும் என்பார்கள். முதல் பாதி உண்மை. பின்னால் பார்க்கப்போகும் ஜி6பிடி அதற்குச் சாட்சி. இரண்டாம் பாதியை நான் அரைமனதோடுதான் ஏற்கிறேன். சில நூறு குழந்தைகள், பத்துப் பன்னிரண்டு எழுத்து மாற்றங்கள், அவற்றின் பல்வேறு கூட்டுகள் என்று தேடினால் எங்காவது ஒன்று தற்செயலாகவே மின்னும். சைட்டோகைன் சமநிலை குலைவது மெய். அதைக் குலைப்பது பிறவியில் வந்த எழுத்தா, வாரக்கணக்கில் சேர்ந்த நிறமியா என்று கேட்டால், கைவசமுள்ள சான்று நிறமியின் பக்கமே சாய்கிறது.

சிவப்பணு மரபணுக்களின் கதைக்கு வயது அதிகம். மலேரியா மிகுந்த நிலங்களில் தலசீமியா அழியாமல் நிற்பதற்குக் காரணம், அதை ஒற்றையாகச் சுமப்பவருக்கு மலேரியாவிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்பாக இருக்கலாம் என்று ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949இல் சொன்னார். பின்னாளில் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து புவனேஸ்வரத்தில் காலமானவர். அதே 1949இல், கென்யாவில் வளர்ந்த ஆந்தனி அலிசன் ஒரு பயணக் குழுவோடு ஊர் ஊராக ரத்த மாதிரி சேகரித்தார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் அரிவாள் செல் மரபணுவை ஒற்றையாகச் சுமப்பவர்கள் நூற்றுக்கு 20க்கு மேல். குளிர்ந்த மலைப்பகுதியில் ஒன்றுக்கும் குறைவு. ஐந்து ஆண்டு கழித்து வெளியிட்ட ஆய்வில் அவர் லுவோ ஆண்கள் 30 பேருக்கு மலேரியாவை ஏற்றிப் பார்த்திருந்தார்: அரிவாள் செல் மரபணு உள்ள 15 பேரில் இருவருக்கே தொற்று பிடித்தது, இல்லாத 15 பேரில் 14 பேருக்குப் பிடித்தது. முன்னே சொன்ன இன்னொரு கடன் இதுதான். (ஏறத்தாழ அந்தக் காலத்தில், 1952இல், நீலகிரிப் பழங்குடிகளிடம் லேமனும் கட்புஷும் அரிவாள் செல்லைக் கண்டறிந்தார்கள். இந்தியாவில் அதன் வரலாறு நம் மலையில்தான் தொடங்குகிறது.)

சியாயாவை அடுத்த அசெம்போ ஏரிக்கரைக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வு கூடுதலாக ஒன்று சொன்னது. ஒற்றை அரிவாள் செல் மரபணு மரணத்தைக் குறைப்பது பிரதானமாக 2 முதல் 16 மாத வயதுக்குள். கடும் ரத்தசோகையையும் அது கணிசமாகக் குறைக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளும் கருக்கால ஹீமோகுளோபினும் தீர்ந்துபோய், சொந்த எதிர்ப்பாற்றல் இன்னும் உருவாகாத இடைவெளி அது. அந்த இடைவெளியைக் கடத்திவிடுவதுதான் மரபணுவின் வேலை. பிறகு எதிர்ப்பாற்றல் பொறுப்பேற்றுக்கொள்கிறது.

ஆல்ஃபா தலசீமியா காக்கும் விதம் இதைவிட விசித்திரம். இரு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்ற குழந்தைக்குக் கிருமி குறைவாக வருவதில்லை. அதன் சிவப்பணுக்கள் சிறியவை, ஒவ்வொன்றிலும் ஹீமோகுளோபின் குறைவு. ஈடுசெய்ய எண்ணிக்கை அதிகம். இரண்டாயிரம் ரூபாயை நான்கு ஐந்நூறாக வைத்திருப்பவருக்கும் இருபது நூறாக வைத்திருப்பவருக்கும் உள்ள வேறுபாடுதான்: ஆளுக்கு இரண்டு தாள் தொலைந்தால் யாருக்கு நட்டம் குறைவு? பப்புவா நியூ கினியாக் குழந்தைகளிடம் ஃபிரேயா ஃபவுக்ஸ் குழு 2008இல் காட்டியது இதைத்தான். ஒரே எண்ணிக்கையில் அணுக்கள் அழிந்தாலும் இந்தக் குழந்தையின் ஹீமோகுளோபின் 5 கிராமுக்குக் கீழே இறங்கத் தாமதமாகிறது. நோயை எதிர்க்காமல் நட்டத்தை மட்டும் குறைக்கும் பாதுகாப்பு.

இரண்டு நல்ல மரபணு சேர்ந்தால் இரட்டைப் பலன் என்று நினைக்கத் தோன்றும். கிலிஃபியில் தாமஸ் வில்லியம்ஸ் 2005இல் கண்டது அப்படி இல்லை. அரிவாள் செல் மரபணுவை ஒற்றையாகவும் ஆல்ஃபா தலசீமியாவை இரட்டையாகவும் சேர்த்துப் பெற்ற குழந்தைகளிடம் இரண்டின் பாதுகாப்பும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஒன்று மற்றதன் வேலையைக் கெடுக்கிறது. ஆப்பிரிக்காவில் இரண்டும் ஏன் முழுதாகப் பரவிவிடவில்லை என்பதற்கு இது ஒரு விடை.

ஓ வகை ரத்தம் உள்ளவர்களிடம் கிருமி புகுந்த அணுவைச் சுற்றி நல்ல அணுக்கள் பூவிதழ்போல ஒட்டிக்கொள்வது குறைவு. கடும் நோயும் குறைவு. ஏடிபி2பி4 சிவப்பணுவின் உறையில் கால்சியத்தை வெளியேற்றும் விசைக்கான மரபணு. 2012இல் கானாவில் முழு மரபணுத் தொகுதியையும் அலசிய ஆய்வில் யாரும் எதிர்பாராமல் எழுந்து வந்தது. கிழக்காப்பிரிக்காவில் மட்டும் பரவலாக உள்ள டான்டு என்ற அரிய ரத்த வகை, அணுவின் உறையை இறுக்கமாக்கிக் கிருமி உள்ளே நுழையாமல் தடுக்கிறது என்பது 2020இல் தெளிவானது.

ஜி6பிடிதான் இவற்றில் மிகவும் சிந்திக்க வைப்பது. இந்த நொதி குறைந்த சிவப்பணு ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைத் தாங்காது. குறைபாடு கூடக்கூட மூளை மலேரியாவின் ஆபத்து குறைகிறது, கடும் ரத்தசோகையின் ஆபத்து கூடுகிறது. ஒரே மரபணு ஒரு மரணத்திலிருந்து காப்பாற்றி இன்னொரு மரணத்தின் வாசலில் விடுகிறது. இதில் ஏட்டுச் சுவை மட்டும் இல்லை. மலிவான மலேரியா மருந்தாக வந்த குளோர்புரோகுவானில்-டாப்சோன் கூட்டு, ஜி6பிடி குறைந்த குழந்தைகளின் ரத்தத்தைச் சிதைத்ததால் 2008இல் திரும்பப் பெறப்பட்டது.

இத்தனை மரபணுவும் சேர்ந்து எவ்வளவு விளக்குகின்றன? கிலிஃபியில் குடும்பங்களையும் வீடுகளையும் ஒப்பிட்ட 2005ஆம் ஆண்டின் கணக்குப்படி, யாருக்கு மலேரியா வருகிறது என்பதன் வேறுபாட்டில் ஏறத்தாழ கால் பங்கு மரபணு சார்ந்தது. அரிவாள் செல் மட்டும் விளக்குவது நூற்றுக்கு இரண்டு. எந்த வீட்டில் பிறந்தது என்பதும் மரபணுவுக்கு ஈடான கனம் கொண்டது.

ரத்தசோகை என்றாலே நமக்கு இரும்புச்சத்து நினைவுக்கு வரும். சான்சிபாரின் பெம்பா தீவில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குத் தினமும் இரும்பும் ஃபோலிக் அமிலமும். சுனில் சசாவல் குழு 2006இல் வெளியிட்ட முடிவு சுகாதாரத் துறைகளை உலுக்கியது: மருந்து பெற்ற குழந்தைகளிடம் மரணமோ மருத்துவமனை அனுமதியோ 12 விழுக்காடு கூடியிருந்தது. அந்தப் பகுதி ஆய்வையே இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஏன் இப்படி என்பதற்கு ஹெப்சிடின் ஒரு பகுதி விளக்கம். தொற்றும் அழற்சியும் வரும்போது கல்லீரல் சுரக்கும் இந்த ஹார்மோன் குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதை அடைக்கிறது. உடலிலுள்ள இரும்பையும் வெள்ளணுக்களுக்குள் பூட்டிவிடுகிறது. கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் செய்யும் உபாயம் அது. பட்டினி மஜ்ஜைக்கும் சேர்த்துத்தான். உறிஞ்சப்படாத இரும்பு குடலில் கெட்ட பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. மலாவியில் கடும் ரத்தசோகை கண்ட 381 குழந்தைகளை ஆராய்ந்து யோப் காலிஸ் 2008இல் எழுதியதும் இதோடு ஒத்துப்போகிறது. ரத்தத்தில் பாக்டீரியா, மலேரியா, கொக்கிப்புழு, எச்ஐவி, ஜி6பிடி குறைபாடு, வைட்டமின் ஏ, பி12 பற்றாக்குறை எல்லாம் காரணங்களாக வந்தன. இரும்புக் குறைபாடு வரவில்லை. அது உள்ள குழந்தைகளிடம் ரத்தப் பாக்டீரியா குறைவாகவே இருந்தது.

எதிர்ப்பாற்றலுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது, அது காக்கும் முகம். மலேரியா மண்ணில் வளர்ந்த பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்துக் குழந்தைகளுக்குச் செலுத்தினால் கிருமியும் காய்ச்சலும் தணிவதை இயன் மெக்ரெகரும் சிட்னி கோயனும் காம்பியாவில் 1961லேயே காட்டினார்கள். பெரியவர்கள் அதைப் பல ஆண்டுத் தொற்றுகளில் சம்பாதிக்கிறார்கள். கொசுக்கடி ஓயாத இடத்தில் முதல் தொற்றுகள் கைக்குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடுகின்றன, நோயின் வடிவம் ரத்தசோகை. கடி குறைந்த இடத்தில் தொற்று தாமதமாகி, மூத்த குழந்தைகளிடம் மூளை மலேரியாவாக வருகிறது. அதனால்தான் தடுப்பூசி எந்த வயதில் என்பது முக்கியமாகிறது. 2019இல் மேற்குக் கென்யா, கானா, மலாவியில் ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசி ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் தொடங்கப்பட்டது. தடுப்பூசி வயதிலிருந்த குழந்தைகளிடையே விபத்து நீங்கலான மரணங்கள் 13 விழுக்காடு குறைந்தன.

மஜ்ஜை முடங்கிக் கிடக்கிறது என்ற அறிவு சிகிச்சையை எப்படி மாற்றியது என்பதில்தான் இத்தனை ஆய்வின் பயனும் தெரிகிறது. ரத்தம் ஏற்றுவது உயிரைக் காக்கும். எவ்வளவு, எப்போது என்பதை உகாண்டா, மலாவிக் குழந்தைகளிடம் கேத்ரின் மெய்ட்லண்ட் நடத்திய ஆய்வு 2019இல் கூர்மைப்படுத்தியது: காய்ச்சல் இல்லாத குழந்தைக்கு எடைக்குக் கிலோவுக்கு 30 மில்லி கொடுப்பது நல்லது, காய்ச்சல் உள்ள குழந்தைக்கு 20 போதும். ஆனால் ஏற்றிய ரத்தம் ஒரு கடன். மஜ்ஜை திரும்ப வேலை செய்யச் சில வாரங்களாகும். அந்த வாரங்களில் குழந்தை திரும்பிப் போவது அதே வீட்டுக்கு, அதே கொசுவிடம். கமிஜா பிரி மலாவியில் 18 மாதம் பின்தொடர்ந்து பார்த்தபோது, தேறிவிட்டதாக வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்திருந்தார்கள்.

ஆகவே கென்யாவிலும் உகாண்டாவிலும் 1,049 குழந்தைகளிடம் எளிய ஒன்றைச் செய்து பார்த்தார்கள். வீடு திரும்பிய பின் இரண்டாவது, ஆறாவது, பத்தாவது வாரங்களில் மூன்று நாள் மலேரியா மாத்திரை, நோய் இருக்கிறதோ இல்லையோ. மருந்து வேலை செய்த காலத்தில் மரணமும் மறு அனுமதியும் சேர்ந்து 70 விழுக்காடு குறைந்தன. மருந்து நின்றதும் அந்தப் பயனும் நின்றது. டைட்டஸ் குவாம்பாய் குழுவின் இந்த முடிவு 2020இல் வெளிவந்தது, 2022இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரையாக்கியது. யாருக்கு எந்த மரபணு என்று சோதிக்க வேண்டியதில்லை. ரத்தம் ஏற்றிய குழந்தை என்ற தகுதி போதும். மலாவியில் மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்றும் சோதித்தார்கள். மாதாமாதம் மருத்துவமனைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னதைவிட, வீட்டுக்குப் போகும் நாளிலேயே மூன்று தவணையையும் தாயிடம் கொடுத்துவிட்டபோது அதிகக் குழந்தைகள் முழுதாக உட்கொண்டன.